முதல் ரீஃப் டேங்குக்கு லைட் வாங்கும் முன்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட் லைட் வாங்கணும்?" என்றுதான். ஒரு லிட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, எல்லோரும் ஒரே மாதிரிக் குழல் விளக்கு போட்டிருந்தபோது அது ஓரளவு ஒத்தும் வந்தது. இப்போது நல்ல 50 வாட் எல்.இ.டி. ஒன்று, சுமாரான 100 வாட் எல்.இ.டி.யைவிட நன்றாகப் பவளம் வளர்த்துவிடும். வாட் என்பது லைட் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எந்த நிற ஒளி, எவ்வளவு வந்து சேர்கிறது என்பது அதில் தெரியாது, நமக்கு வேண்டியதோ அதுதான்.

மீன் மட்டும் வைத்த தொட்டியில் லைட் நாம் பார்ப்பதற்காக. பவளத் தொட்டியில் லைட்தான் சாப்பாடு. பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கே தருகின்றன. ஒளி குறைந்தால் பவளம் மாதக்கணக்கில் மெதுவாக மெலியும், கூடிப்போனால் சில நாளிலேயே அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் இரண்டாவதுதான், ஏனென்றால் அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது.

இனி வரிசையாகப் போவோம். உதாரணத்துக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை, அதாவது சுமார் 120 லிட்டர் பிடிக்கும் தொட்டியை, எடுத்துக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது வசதியான அளவு.

முதல் படி: என்ன வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

லைட்டைப் பார்த்துவிட்டுப் பவளத்தைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. முதலில் பவளம். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு இதில் சட்டமும் சேர்ந்து வருகிறது. கடினமான சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்கள் எல்லாமே, கூடவே கறும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும், 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. படங்களில் பார்த்து மயங்கும் அக்ரோபோரா, மான்டிபோரா மட்டுமல்ல, ஹேமர், டார்ச் என்று சொல்லும் யூஃபிலியா வகைகளும் கல் பவளங்கள்தான். மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்த ஒரு துண்டு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, அங்கே பவளம் ஏற்கெனவே கடல் சூட்டில் அடிபட்டுக் கிடக்கிறது. சிங்கப்பூர், துபாய், கனடா என்று வெளியே இருக்கிறவர்களுக்கு அந்தந்த நாட்டு விதி. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் இணைப்பில் கல் பவளங்கள் இருப்பதால், நாடு விட்டு நாடு வந்தது என்றால் கடைக்காரரிடம் அதற்குரிய பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

புதியவர்களுக்கு எந்த ஊரிலும் ஏற்றது மென்பவளங்கள்: மஷ்ரூம், ஜோவா என்று கூப்பிடும் ஜோவாந்தஸ், லெதர் வகைகள். இவை மேலே சொன்ன பட்டியலில் வராதவை, ஒளி விஷயத்தில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கிக்கொள்ளக் கூடியவை, அழகிலும் எந்தக் குறையும் இல்லை. (ஜோவாவைத் தொடும்போது கையுறை போடுங்கள், அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவவோ கொதிக்க வைக்கவோ வேண்டாம். அதில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு உண்டு.)

மென்பவளம்தான் என்று முடிவானால் லைட் செலவு பாதியாகக் குறைந்துவிடும். "பின்னால் உதவும்" என்று கல் பவளத்துக்கான பெரிய லைட்டை இப்போதே வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசில் நல்ல ஆர்.ஓ. வடிகட்டியும் உப்புமானியும் வாங்கலாம்.

இரண்டாம் படி: பார் (PAR) அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் இருக்கிறது. அந்த ஒளி ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்வதுதான் பார் அளவு. வெப்பமண்டலக் கடலில் நடுப்பகலில் நீர் மட்டத்துக்கு மேலே இது 2000-ஐத் தொடும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நம் தொட்டிக்கு அதில் இருபதில் ஒரு பங்கு போதும்.

மஷ்ரூமுக்கு 30 முதல் 80 வரை இருந்தால் நிம்மதியாக விரிந்து கிடக்கும். ஜோவாவுக்கு 60 முதல் 150. லெதருக்கு 80-இல் தொடங்கி 200 வரை. பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தில் வாயும் உணர்கொம்பும் உள்ள ஒவ்வொரு தனி உயிர்) கொண்ட கல் பவளங்கள், அதாவது எல்.பி.எஸ்., பொதுவாக 75 முதல் 150-க்குள் வாழும், அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கொண்ட எஸ்.பி.எஸ். வகைகளுக்குத்தான் 200 முதல் 350 தேவைப்படுகிறது. இவை கல்லில் பொறித்த எண்கள் இல்லை, ஒவ்வொருவர் தொட்டியிலும் கொஞ்சம் மாறும், ஆனால் தொடங்குவதற்கு இந்த வரம்பு போதும்.

பெட்டியில் லூமென், லக்ஸ் என்று போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவை மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்கான அளவுகள். நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை, 450-ல் இருக்கும் நீலம் அதற்கு மங்கல். பவளத்துக்குள் இருக்கும் பாசியோ 400 முதல் 500 வரையிலான நீலப்பகுதியைத்தான் அதிகம் உறிஞ்சுகிறது. நீல லைட் போட்ட தொட்டி நமக்கு இருட்டாகத் தெரியும்போது பவளத்துக்குச் சாப்பாடு நிறைந்திருக்கலாம். "டல்லா இருக்கே" என்று கூட்டி வைத்துப் பவளத்தை வெளுக்க வைப்பது நிறைய வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாம் படி: தொட்டியை அளந்து, பரப்பைக் கணக்கிடுங்கள்

டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: நீளம், அகலம், நீர் மட்டத்தில் இருந்து மணல் வரை ஆழம். பலர் ஆழத்தை மட்டும் பார்த்து "ஒளி கீழே போகுமா?" என்று கவலைப்படுகிறார்கள். தெளிந்த நீர் ஒன்றரை அடிக்குள் பெரிதாக ஒளியைத் தின்றுவிடாது. கீழே போகப் போக பார் குறைவதற்கு முக்கியக் காரணம் ஒளி விரிந்து பரவுவதுதான். எனவே முதலில் பார்க்க வேண்டியது நீளமும் அகலமும்.

இப்போது வரும் நடுத்தர எல்.இ.டி. லைட் ஒன்று பொதுவாக 60-க்கு 60 சென்டிமீட்டர் பரப்பைச் சமாளிக்கும் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். நடைமுறையில் நடுவில் பார் 200 இருந்தால் மூலைகளில் 50-கூட இருக்காது. நம் 2 அடித் தொட்டிக்கு ஒரு லைட் போதும்தான், ஆனாலும் பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒரு பெரிய லைட்டுக்குப் பதில் இரண்டு சின்ன லைட்டுகளை மாட்டச் சொல்வேன். ஒரே புள்ளியில் இருந்து ஒளி வந்தால் பாறையின் ஒரு பக்கம் வெந்துபோக மறுபக்கம் நிழலில் கிடக்கும், பவளத்தின் அடிப்பாகமும் வெளிறும். இரண்டு இடத்தில் இருந்து வந்தால் நிழல் உடைந்துவிடுகிறது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று தொட்டியைக் காப்பாற்றும், நம் ஊரில் உதிரிப் பாகம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. 4 அடித் தொட்டி என்றால் இரண்டு கட்டாயம், ஒன்றரை அடிக்கு மேல் அகலம் இருந்தால் மூன்றும் தேவைப்படலாம்.

நான்காம் படி: எந்த வகை?

மெட்டல் ஹாலைடு ஒரு காலத்தில் ராஜா. 150, 250, 400 வாட்டில் வரும், நீருக்குள் அலையும் அந்த ஒளிக்கோடுகள் உண்மையான கடல் மாதிரியே இருக்கும். ஆனால் அது கக்கும் சூட்டை நம் ஊர்க் கோடையில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. டி5 குழல்கள் சமமாக ஒளி பரப்புவதில் இன்றும் சிறந்தவை, நிழல் மிகக் குறைவு, 2 அடிக்கு 24 வாட், 4 அடிக்கு 54 வாட் என்று வரும். அதில் சிக்கல், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழல் மாற்ற வேண்டும், ரீஃபுக்கான நீலக் குழல்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களை நிறுத்தியதில் இருந்து இந்தத் தொழிலே சுருங்கி வருகிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு எல்.இ.டி.தான்.

எல்.இ.டி.யில் ஏ.ஐ. பிரைம், ரேடியான், கெஸில், ரெட் சீ ரீஃப்எல்.இ.டி. என்று பெயர்பெற்றவை ஒரு பக்கம், நூப்சைக் போன்ற விலை குறைந்த சீன லைட்டுகள் இன்னொரு பக்கம், "பிளாக் பாக்ஸ்" என்று சொல்லும் பெயரில்லாத கறுப்புப் பெட்டி லைட்டுகள் மூன்றாவது பக்கம். மென்பவளத்துக்கு இரண்டாவது வகையே நன்றாகப் போதும் என்பது என் கருத்து. கறுப்புப் பெட்டியிலும் பவளம் வளரும், ஆனால் அதில் நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ் என்பதோடு சரி, குறைந்த அளவில் வைத்தாலும் பாய்ச்சல் அதிகமாக இருக்கும், 2 அடித் தொட்டிக்கு அதை இரண்டு அடி உயரத்தில் தொங்கவிட வேண்டியதாகிவிடும்.

வாங்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள். நீலப் பகுதியில், அதாவது 420 முதல் 470 நானோமீட்டர் வரை, போதுமான எல்.இ.டி.கள் இருக்கின்றனவா? நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா? தயாரிப்பாளர் பார் வரைபடம் கொடுத்திருக்கிறாரா, கொடுத்திருந்தால் அது தண்ணீருக்குள் அளந்ததா காற்றில் அளந்ததா, எந்த உயரத்தில்? ஃபேனோ, எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் டிரைவரோ போனால் மாற்று கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

நன்னீர்ச் செடித் தொட்டிக்கு விற்கும் லைட்டை "இதுவும் எல்.இ.டி.தானே" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் வெள்ளையும் சிவப்பும்தான் அதிகம். பவளம் உடனே சாகாது, ஆனால் நிறம் எடுக்காது, கண்ணாடியில் பாசிதான் செழிக்கும். பவளம் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதே அதன் புரதங்கள் நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருவதால்தான், நீலம் இல்லாமல் அந்த அழகு கிடையாது.

ஐந்தாம் படி: மாட்டுவது

நீர் மட்டத்தில் இருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். உயர்த்தினால் ஒளி பரவும், செறிவு குறையும். இறக்கினால் நடுவில் செறிவு கூடும், ஓரங்கள் இருளும். உயரத்தை மாற்ற முடிகிற கை அல்லது கம்பியில் தொங்கவிடும் ஏற்பாடு இருந்தால் பின்னால் மிகவும் உதவும்.

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தொட்டிக்குப் போகும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும், வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காமல் வளைவிலேயே சொட்டிவிடும். லைட் அடாப்டரைத் தொட்டிக்கு மேலேயோ சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டியின் அருகிலோ வைக்காதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசரோ சர்ஜ் புரொடெக்டரோ போடுங்கள், டிரைவர் எரிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆறாம் படி: நேரமும் நிறமும்

தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி சைக்கிள் ஆகும் வாரங்களில், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து நிலைக்கும் வரை, லைட்டே வேண்டாம். பவளம் இல்லாத தொட்டியில் லைட் போட்டால் பழுப்புப் பாசிக்கு விருந்து வைத்த மாதிரி.

பவளம் வந்த பிறகு மொத்தம் எட்டு முதல் பத்து மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் நீலம் மட்டும் மெதுவாக ஏறட்டும், நடுவில் ஆறேழு மணி நேரம் முழு அமைப்பு, கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் மறுபடி நீலம் குறைந்து அணையட்டும். நீலத்தை எந்த அளவில் வைத்தாலும் வெள்ளையை அதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவில் வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். சிவப்பும் பச்சையும் மிகக் கொஞ்சம், ஐந்து சதவீதத்துக்குள்.

வேலைக்குப் போகிறவர்கள் பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11-க்கு அணைவது போல வைத்தால் வீட்டுக்கு வந்ததும் தொட்டியைப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் இதை இன்னும் தள்ளி, 3 அல்லது 4 மணிக்குத் தொடங்குங்கள். தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மதிய வெக்கையோடு லைட் சூடும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டிவிடும். சூடும் அதிக ஒளியும் ஒரே நேரத்தில் தாக்கும்போதுதான் பவளம் வேகமாக வெளுக்கிறது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், எனவே தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுங்கள். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் ஏ.சி. இல்லாத அறை என்றால் சில்லர் என்ற நீர் குளிர்விக்கும் கருவியைத் தவிர்க்க முடியாது.

கரண்ட் கட் ஆகி வந்ததும் லைட்டின் கடிகாரம் நேரத்தை மறந்துவிடுகிறதா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். சில லைட்டுகள் நள்ளிரவு 12 என்று நினைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கும், சில நேராக 100 சதவீதத்தில் எரியும். அப்படிப்பட்ட லைட்டாக இருந்தால் சின்ன யு.பி.எஸ். ஒன்றில் இணைத்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள்

அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான். கடையில் மங்கலான ஒளியில் பல வாரம் இருந்த பவளத்தைக் கொண்டுவந்து நேராக முழு ஒளியில் வைத்தால், நிழலில் முளைத்த நாற்றை உச்சி வெயிலில் நட்டது போலக் கருகும். கடையில் அது எந்த லைட்டுக்குக் கீழ், எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில், நீங்கள் எட்ட நினைக்கும் பார் அளவில் பாதியில் தொடங்குங்கள். லைட் அமைப்பில் அது பெரும்பாலும் 30, 40 சதவீதமாக இருக்கும். வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றினால் போதும். பல லைட்டுகளில் இதைத் தானாகவே செய்யும் அக்ளிமேஷன் அமைப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். புதிய பவளத்தை முதல் வாரம் மணலிலேயே வைத்துவிட்டுப் பிறகு பாறைக்கு ஏற்றுவதும் நல்ல வழி.

ஏற்றும்போது பவளத்தையும் கவனித்துக்கொண்டே வாருங்கள். ஜோவா தண்டை நீட்டி மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. மஷ்ரூம் ஓரம் மடிந்து சுருங்கி நிழலை நோக்கி நகர்ந்தால் ஒளி அதிகம். நிறம் பழுப்படித்தால் ஒளி குறைவு அல்லது நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடிவிட்டன. மேல்பக்கம் வெளுத்தால் உடனே 20 சதவீதம் குறைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கை வைக்காமல் விடுங்கள். லெதர் சில நாள் மூடிக்கொண்டு மெழுகு மாதிரி மேல்தோலை உரிக்கும், அது அதன் வழக்கம், அதைப் பார்த்து லைட்டை மாற்ற வேண்டாம்.

எட்டாம் படி: முடிந்தால் அளந்து பாருங்கள்

அப்போஜி எம்.க்யூ-510 போன்ற பார் மீட்டர் தண்ணீருக்குள் இறக்கி அளக்கவே செய்தது, விலை அதிகம். ஒருவர் வாங்கிப் பத்துப் பேர் பயன்படுத்தினால் போதும், ஏனென்றால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் தேவைப்படும். உங்கள் ஊரில் ரீஃப் வைத்திருப்பவர்களிடம், அல்லது சென்னை கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் நிறைந்த பகுதியில் கடல்மீன் விற்கிறவர்களிடம், வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். பம்புகள் ஓடும்போதே அளந்து பாருங்கள், அலையால் எண் துள்ளும், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பிடித்துச் சராசரி எடுங்கள். நடு, நான்கு மூலை, பாறை உச்சி, மணல் என்று ஒரு தாளில் தொட்டியை வரைந்து குறித்துக்கொண்டால், எந்தப் பவளத்தை எங்கே வைப்பது என்பதற்கு அந்தத் தாளே போதும். நம் தொட்டியில் மணலில் 50, நடுப் பாறையில் 100, உச்சியில் 150 என்று வந்தால் மஷ்ரூம் கீழே, ஜோவா நடுவில், லெதர் மேலே.

மொபைல் செயலிகள் நீல ஒளியில் நிறையவே தப்பாகக் காட்டும், மொபைலைத் தண்ணீருக்குள் இறக்கவும் முடியாது. மீட்டர் கிடைக்கவில்லை என்றால் தயாரிப்பாளரின் வரைபடத்தை வைத்துத் தொடங்கி, ஏழாம் படியில் சொன்ன அறிகுறிகளை நம்பி நடங்கள். மென்பவளத்துக்கு அது போதும்.

அதன் பிறகு

லைட்டின் அடிப்பக்கத்தில் உப்புப் படியும், மாதம் ஒருமுறை அணைத்து ஆறவிட்டு ஈரத்துணியால் லென்ஸைத் துடையுங்கள். தொட்டி மேல் கண்ணாடி மூடி போட்டிருந்தால் அதில் படியும் உப்பும் பாசியும் கணிசமாக ஒளியைத் தின்னும், மீன் குதிக்காமல் இருக்கத்தான் மூடி என்றால் வலை மூடிக்கு மாறிவிடலாம். தண்ணீர் நாளாக ஆக மஞ்சளிக்கும், அது நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். வடிகட்டியில் கார்பன் (மஞ்சளை உறிஞ்சும் கரி) போட்டால் ஒரே நாளில் தெளிந்துவிடும், ஆனால் அதன் பொருள் பவளத்தின் மேல் விழும் ஒளி ஒரே நாளில் கூடிவிட்டது என்பது. பல மாதம் கழித்து முதல்முறை கார்பன் போடுகிறீர்கள் என்றால் கொஞ்சமாகப் போடுங்கள், அல்லது லைட்டைப் பத்து சதவீதம் குறைத்துவிட்டுப் போடுங்கள்.

மின் கட்டணமும் பார்த்துவிடுவோம். 100 வாட் லைட் ஒன்பது மணி நேரம் முழு அளவில் எரிந்தால் நாளுக்கு 0.9 யூனிட், தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் 54 யூனிட். நீங்கள் பாதி அளவில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். பில்லை ஏற்றுவது சில்லர்தான், லைட் இல்லை.

பழைய லைட் விலைக்கு வந்தால் எரியவிட்டுப் பார்த்து ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக வேலை செய்கிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா, லென்ஸ் மஞ்சளடித்திருக்கிறதா, திருகுகளைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எரியும் எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், நீல ஒளி மங்கலாகத் தெரிவதால் கண்ணுக்கு வலிக்காது, அதனாலேயே அதிக நேரம் பார்த்துவிடுவோம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் லைட்டை அவர்கள் கீழே இருந்து எட்டிப் பார்க்க முடியாதபடி ஓரத்தில் ஒரு தடுப்பு வையுங்கள். போட்டோ எடுக்க ஆரஞ்சு நிற ஃபில்டர் ஒன்றை மொபைல் கேமராவின் முன் பிடித்தால், படத்தில் எல்லாம் நீலமாக வராமல் பவளத்தின் நிறம் உள்ளபடி விழும்.